பதினெண்மர் காத்த பகல்

(வாசிகசாலை ஆண்டுவிழாவொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வீரத்தைப்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நம்மிடையே வீரம் என்னுஞ் சொல் மிகவும் மலிந்துவிட்டது. மேடையிற் குரலை உயர்த்துவோனும் வீரன். சுவரொட்டியிற் பெயர் பொறிக்கப்பெற்றோனும் வீரன். சொல் மலியுந்தோறும் அதன் பொருள் மெலியும். ஆதலால் வீரத்துக்கு இலக்கணங் கூறி உங்கள் பொழுதைப் போக்க நான் விரும்பவில்லை. உண்மையாக நடந்த ஒரு நிகழ்ச்சியை உங்கள்முன் வைக்கிறேன். அதிலிருந்து இலக்கணத்தை நாமனைவரும் சேர்ந்து தேடுவோம்.

நான் கூறப்போவது பேரரசன் ஒருவனது கதையன்று, பெருந்தளபதியின் கதையுமன்று. படைத்தலைவர் வரிசையிற் கீழ்ப்படியில் நின்ற ஒரு லெப்டினன்டின் கதை. அவனுக்கு அன்று வயது 20. அவனும் அவன் கீழ் நின்றோரும் சேர்ந்து பதினெண்மர். அவர்கள் காத்தது ஒரு குன்றின் சரிவு. காத்த காலம் ஒரே ஒரு பகல். அப்பகலின் முடிவில் அவர்கள் தோற்றனர், சிறைப்பட்டனர். தோற்றவர் கதையை ஏன் கூறவேண்டும் என்று கேட்பீர்கள். அக்கேள்விக்கு விடையே இன்றைய என் பேச்சு.

வேலியடையாத எல்லை

இரண்டாம் உலகப் போர் முடியுந் தறுவாய். 1944ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பிரான்சின் கரையில் இறங்கிய நேசநாட்டுப் படைகள், ஆண்டிறுதிக்குள் ஜேர்மனியின் எல்லையைத் தொட்டுவிட்டன. நத்தாருக்குள் போர் முடிந்துவிடும் என்று பலர் நம்பினர். அந்நிலையில் ஹிட்லர் தனது இறுதிப் பெருந்தாக்குதலைத் திட்டமிட்டான். பெல்ஜியத்திலும் லக்சம்பேர்க்கிலும் பரந்து கிடக்கும் ஆர்டென் காட்டினூடே புகுந்து, அமெரிக்கரின் அணியைப் பிளந்து, மியூஸ் ஆற்றைக் கடந்து, அன்ட்வேர்ப் துறைமுகத்தைக் கைப்பற்றுவதே அவன் நோக்கம். 1944 டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன்னர் அத்தாக்குதல் தொடங்கிற்று.

வடபகுதியிற் பாய்ந்த ஆறாம் கவசப் படையின் கூர்முனையாக நின்றது, யோக்கிம் பைப்பர் என்பவன் தலைமையில் வந்த படையணி. ஏறத்தாழ 4,800 வீரர். தாங்கிகளும் பிற ஊர்திகளுமாக அறுநூறுக்கு மேற்பட்டவை. காலாட்படை முன்சென்று வழியைத் திறக்கவேண்டும். திறந்த வழியால் தாங்கிகள் ஒரே மூச்சில் மியூஸ் ஆற்றை நோக்கி ஓடவேண்டும். இதுவே ஏற்பாடு. இத்திட்டத்தின் உயிர்நாடி நேரம். எதிரி திகைப்பிலிருந்து தெளியுமுன்னர் ஆற்றைப் பிடிக்காவிடின் எல்லாம் பாழ்.

அவ்வழியிற் கிடந்தது லான்ஸரத் என்னுஞ் சிற்றூர். ஒரு தெருவும் சில வீடுகளும் ஒரு தேநீர்க்கடையும் உடைய மலைக்கிராமம். அமெரிக்கரின் இரு பெரும் படைப்பிரிவுகள் சந்திக்கும் எல்லையில் அது இருந்தது. இரண்டு காணிகளுக்கிடையேயுள்ள வேலியை, இது உன் பங்கு என்று ஒருவனும், இல்லை உன் பங்கே என்று மற்றவனும் அடைக்காமல் விட்டால், மாடு எவ்வழியாற் புகும் என்பதைக் கமக்காரராகிய உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அங்கும் அப்படியே. பெரிய இடைவெளி, அதனை மூட எவரிடமும் போதிய ஆளில்லை. டிசம்பர் 10ஆம் நாள், 99ஆம் காலாட்டிவிஷனைச் சேர்ந்த 394ஆம் றெஜிமெண்டின் உளவறி படைப்பிரிவை அங்கே கொண்டுவந்து நிறுத்தினர். அப்பிரிவின் தொழில் கண்டு வந்து கூறுவது. நிலத்தைப் பிடித்து நிற்பதன்று. எனினும் வேறு ஆளின்மையால் அவர்களே வேலியாயினர்.

இளந்தலைவன்

அப்பிரிவின் தலைவனே லெப்டினன்ட் லைல் பௌக். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரத்தவன். 1923 டிசம்பர் 17இற் பிறந்தவன். 14ஆம் வயதிலேயே தன் மாநிலக் காவற்படையிற் சேர்ந்தான். 18ஆம் வயதில், 1942இல், படைத்தலைவர் பயிற்சியை முடித்து அதிகாரியானான். சிறுபடைகள் தற்காத்துப் போரிடும் முறையைப் பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியனாகவும் சிலகாலம் இருந்தான். அவனுடைய வீரருட் பலர் கல்லூரிப் படிப்பை இடைநிறுத்தி வந்த இளைஞர். கூர்ந்த அறிவும் குறிதவறாத கையும் நோக்கித் தெரிந்தெடுக்கப்பெற்றவர்கள். தலைவனைவிட மூத்தோரும் அவர்களுள் இருந்தனர்.

வயதில் மூத்தோரை வயதில் இளையோன் எவ்வாறு ஆள்வது? பட்டையைக் காட்டி ஆளலாம். அது நெடுநாள் நிலையாது. பௌக் வேறுவழியைக் கைக்கொண்டான். குன்றின் சரிவில், காட்டின் ஓரத்தில், முன்னிருந்த படையினர் விட்டுச்சென்ற குழிகள் இருந்தன. அவற்றை ஆழமாக்கச் செய்தான். மரக்குற்றிகளை வெட்டி அடுக்கிக் கூரையிட்டான். குழியிலிருந்து குழிக்குத் துணையாகச் சுடும்வகையில் துப்பாக்கிகளை நிறுத்தினான். தன் பிரிவுக்கு அளந்து கொடுத்தவற்றுக்கு மேலாக யந்திரத் துப்பாக்கிகளை எப்படியோ தேடிச் சேர்த்தான். பெரிய யந்திரத் துப்பாக்கி பூட்டிய ஜீப் ஒன்றையும் மறைத்து நிறுத்தினான். போர் வரும் என்று எவரும் எதிர்பாராத அமைதியான முனை அது. கடுங்குளிர். ஓய்ந்திருக்க ஆயிரங் காரணங் கூறலாம். ஆயினும் வேலை நடந்தது. பின்பு பனி பெய்து குழிகளின் கூரைகளை மூடிற்று. முன்னே நின்று பார்ப்போனுக்கு அங்கே மனிதர் இருப்பது தெரியாது.

பெருமக்களே! இவ்விடத்திற் சற்று நின்று எண்ணுங்கள். 16ஆம் நாள் வெளிப்பட்ட வீரம் 16ஆம் நாள் முளைத்ததன்று. மண்வெட்டி பிடித்த கொப்புளங் கண்ட கைகளில் அது முன்னரே விளைந்திருந்தது. விதைக்காத வயலில் அறுவடை இல்லை என்பது கமத்துக்கு மாத்திரம் உரிய நியாயமன்று.

விடியலும் சிறுமியும்

16ஆம் நாள் அதிகாலை ஐந்தரை மணியளவில் ஜேர்மனியரின் பீரங்கிகள் முழங்கின. ஒன்றரை மணி நேரம்வரை குண்டுமழை. குழிகளின் மரக்கூரைகள் அவர்களைக் காத்தன. பீரங்கி ஓய்ந்தபோது மற்றொரு காட்சி. கிராமத்தில் நின்ற தாங்கி எதிர்ப்புப் பிரிவினர், குன்றிலிருந்தோருக்கு ஒரு வார்த்தையும் கூறாமல் ஊர்திகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டனர்.

பௌக் சிலரை அழைத்துக்கொண்டு ஊருக்குட் சென்று, ஒரு வீட்டின் மேன்மாடியிலிருந்து நோக்கினான். நெடும் வரிசையாக ஜேர்மன் பரசூட் படையினர் வந்துகொண்டிருந்தனர். ஏறத்தாழ 500 பேர் கொண்ட பட்டாளம். குன்றுக்கு மீண்டு தலைமையகத்துக்கு அறிவித்தான். வழியின்மேல் பீரங்கியால் அடிக்குமாறு வேண்டினான். பீரங்கி உதவி வரவில்லை. பின்வாங்கிப் போரிடலாமா என்று கேட்டான். எப்பாடுபட்டாயினும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள் என்பதே கிடைத்த கட்டளை. பதினெண்மரோடு, பீரங்கிப் படையின் முன்னணி நோக்காளர் நால்வரும் அங்கே அகப்பட்டிருந்தனர். இருபத்திருவர் ஒருபுறம், ஐந்நூற்றுவர் மறுபுறம்.

ஜேர்மனியரின் முன்னணியினர் தெருவழியே கடந்து சென்றனர். பௌக் அவர்களைப் போகவிட்டான். வரிசையின் நடுவே படைத்தலைவர்போலக் காணப்பட்ட மூவர் வந்தனர். அவர்களை முதலில் வீழ்த்தினால் தலையற்ற உடல்போலப் படை தடுமாறும். விசைகளில் விரல்கள் பதிந்தன. அக்கணத்தில் ஒரு வீட்டினின்றும் சிறுமியொருத்தி ஓடிவந்தாள். அம்மூவரருகே நின்று ஏதோ கூறிக் கையை நீட்டினாள். நம் மறைவிடத்தையே காட்டுகிறாள் என்று குன்றிலிருந்தோர் எண்ணினர். சுட்டிருந்தால் அச்சிறுமியும் வீழ்ந்திருப்பாள். சுடவில்லை. மறுகணம் ஜேர்மனியர் தெருவோரப் பள்ளங்களிற் பாய்ந்து பதுங்கினர். நல்வாய்ப்பு நழுவிற்று.

போர்நூல் வல்லார் இதனைப் பிழையென்று கூறலாம். உயிர்போகும் வேளையிலும் ஒரு குழந்தையைக் கண்டு தயங்கிய விரலை நான் பிழை கூறேன். அத்தயக்கத்தின் பெறுமதியை இன்னுஞ் சிறிது நேரத்தில் மற்றொரு செய்தியோடு ஒப்பிட்டுக் காட்டுவேன்.

மும்முறை தாக்குதல்

பின்பு போர் மூண்டது. குன்றுக்கும் ஊருக்கும் இடையே பனிமூடிய திறந்த வயல். வயலின் குறுக்கே முட்கம்பி வேலி. ஜேர்மனியர் அவ்வயலூடாக நேர்முகமாகவே ஏறிவந்தனர். வேலியை அடைந்து ஏற முயன்றபோது துப்பாக்கிச் சூட்டில் வீழ்ந்தனர். ஏறிவந்தோர் பெயரளவிற் பரசூட் படையினர். அவர்களுட் பலர் விமானப்படையின் தரைவேலைகளிலிருந்து அவசரமாகப் பெயர்த்துக் கொணரப்பட்ட, காலாட்போர் பயிலாத இளைஞர். திறமையற்ற தலைமை அவர்களைத் திரும்பத்திரும்ப அதே வயலில் ஏவிற்று. அவர்களையும் ஒருத்தி பெற்றாள் என்பதை மறந்து, வீழ்ந்தோர் தொகையை எண்ணி மகிழ நாம் இங்கே கூடவில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. அப்பக்கத்திலும் அஞ்சாமை இருந்தது; குறைந்தது அறிவுடைய தலைமை. இப்பக்கத்தில் இரண்டும் இருந்தன.

நண்பகலளவில் ஜேர்மனியர் வெள்ளைக்கொடி காட்டினர். வயலிற் கிடக்குங் காயமுற்றோரை எடுத்துச்செல்ல இடந்தருமாறு வேண்டினர். பௌக் இசைந்தான். துப்பாக்கிகள் ஓய்ந்தன. துடித்துக்கொண்டிருந்தோர் தூக்கிச் செல்லப்பட்டனர். அதன்பின் போர் மீண்டுந் தொடங்கிற்று. இவ்வாறு பகல் முழுதும் மும்முறை தாக்கினர்; மும்முறையும் மீண்டனர்.

தொலைபேசிக் கம்பி குண்டுவீச்சில் அறுந்தது. பௌக் கையிற் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தபோதே வானொலிக் கருவியிற் குண்டு பாய்ந்தது. வெளியுலகத் தொடர்பு முற்றாக ஒழிந்தது. இருவரைத் தலைமையகத்துக்குத் தூதாக அனுப்பினான். அவர்கள் வழியிற் சிறைப்பட்டனர். உதவி வருமென்ற நம்பிக்கை தேய்ந்தது. ரவைகளும் தேய்ந்தன.

அந்நிலையில் பௌக் செய்ததை உற்று நோக்குங்கள். போக விரும்புவோர் காட்டினூடே தப்பிப் போகலாம் என்று தன் வீரருக்கு விடைகொடுத்தான். நீங்களும் வருகிறீர்களா என்று அவர்கள் கேட்டனர். எனக்கு நிற்குமாறு கட்டளை. நான் நிற்கிறேன் என்றான். அப்படியாயின் நாங்களும் நிற்கிறோம் என்றனர். ஒருவரும் போகவில்லை.

தலைமை என்பது இதுவே. கட்டளையின் சுமையைத் தன் தோளில் வைத்துக்கொண்டு, உயிரின் உரிமையைப் பிறர் கையிற் கொடுத்தான். நீங்கள் நில்லுங்கள், நான் போய் உதவி கொண்டுவருகிறேன் என்று கூறும் தலைவர்களை உலகம் கண்டிருக்கிறது. நீங்கள் போங்கள், நான் நிற்கிறேன் என்று கூறுவோனுக்கே மனிதர் கட்டுப்படுவர்.

பொழுது சாய்ந்தது

பொழுது சாயும் வேளையில் ஜேர்மனியருள் அனுபவமிக்க சார்ஜன்ட் ஒருவன், இவ்வாறு நேர்முகமாக ஏறுவது அறிவீனம் என்று தன் மேலாளருக்கு எடுத்துரைத்தான். அதன்பின் அவர்கள் காட்டுவழியாகச் சுற்றிவந்து பக்கவாட்டிற் புகுந்தனர். ரவை தீர்ந்த குழிகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. பௌக்கின் குழிவாயிலிற் சுடுகருவி நீண்டது. அவன் காலிற் காயமுற்றான். அவனோடு ஒரே குழியில் நின்ற வில்லியம் ஜேம்ஸ் சகனிகாஸ் என்னும் இளைஞனின் முகத்தைக் குண்டுகள் சிதைத்தன. ஒரு கண் போயிற்று.

படைப்பிரிவின் பதினெண்மருட் பெரும்பாலோர் காயமுற்றனர். ஆயின் ஒருவரேனும் அன்று உயிரிழக்கவில்லை. பீரங்கி நோக்காளர் நால்வருட் பில்லி குவீன் என்பவர் இறந்தார். வீரரின் பட்டியலிற் பெரும்பாலும் விடுபடும் பெயர் அது. ஆதலால் இம்மேடையில் அதனைச் சொல்ல விரும்புகிறேன்.

சிறைப்பட்டோரைக் கிராமத்துத் தேநீர்க்கடையில் அடைத்தனர். சிதைந்த முகத்தோடு கிடந்த தோழனைத் தன்மேற் சாய்த்து அணைத்தபடி பௌக் தரையில் அமர்ந்திருந்தான். சுவர்க்கடிகாரம் நள்ளிரவைக் காட்டிற்று. 17ஆம் நாள் பிறந்தது. அவனுக்கு அன்றுதான் 21 வயது நிறைந்தது.

அந்நள்ளிரவில் அதே கடைக்குள் பைப்பர் நுழைந்தான். பகல் முழுதும் வழி திறக்கப்படாமையால் அவனது தாங்கிகள் பின்னே நெடுவரிசையிற் காத்துக் கிடந்தன. ஏன் நிற்கிறீர்கள் என்று பரசூட் படைத்தலைவனைக் கேட்டான். காடு முழுதும் அமெரிக்கர் வலுவாக நிலைகொண்டிருக்கின்றனர் என்று அவன் கூறினான். நேரிற் சென்று பார்த்தவர் யார் என்று பைப்பர் துருவிக் கேட்டபோது, பார்த்தவர் ஒருவருமில்லை. பைப்பர் சினந்தான், விடியுமுன் தன் தாங்கிகளைக் கிளப்பினான். அவன் புகுந்த காட்டில் எதிர்ப்பு இல்லை. பகலெல்லாம் ஒரு பெரும்படையென அவர்கள் அஞ்சியது, அதே கடையின் தரையிற் காயத்தோடு கிடந்த சிலரையே!

ஒரு பகலின் விலை

ஏறத்தாழ ஒரு முழுநாள் பைப்பருக்கு வீணாயிற்று. அந்த ஒருநாள் என்ன செய்தது? பின்னேயிருந்த அமெரிக்கப் படைகள் விழித்துக்கொண்டன. எல்சன்போர்ன் மேட்டில் அணிவகுக்க அவகாசங் கிடைத்தது. பொறியியற் படையினர் பைப்பரின் வழியிலிருந்த பாலங்களைத் தகர்த்தனர். பைப்பர் மியூஸ் ஆற்றைக் காணவேயில்லை. லா கிளேஸ் என்னும் ஊரில் வளைக்கப்பட்டு, எரிபொருளின்றி, டிசம்பர் 24ஆம் நாள் தாங்கிகளையெல்லாம் கைவிட்டு, எஞ்சிய 800 பேரோடு கால்நடையாகத் தப்பினான்.

பதினெண்மரே இப்போரை வென்றனர் என்று நான் கூறமாட்டேன். அது பொய்யாகும், பாலந்தகர்த்தோருக்கும் பிற குன்றுகளில் நின்றோருக்கும் செய்யும் அநீதியுமாகும். அமெரிக்கருள் மாத்திரம் 75,000 பேருக்கு மேல் இறந்தும் காயமுற்றும் சிறைப்பட்டும் போன பெரும்போர் அது. ஆயினும் பலர் சேர்ந்து இழுத்த தேரில் முதல்வடத்தை இழுத்தோர் இவர்கள் என்பதை மறுக்கவியலாது.

முன்னர் கூறிய ஒப்பீட்டுக்கு வருகிறேன். டிசம்பர் 17ஆம் நாள் பிற்பகல், மால்மெடி என்னும் ஊருக்கருகே, பைப்பரின் படையினர் ஆயுதங் களைந்து சரணடைந்து நின்ற அமெரிக்கர் 84 பேரை வெட்டவெளியிற் சுட்டுக் கொன்றனர். 1946இல் டாகவ் நகரில் நடந்த விசாரணையில் அதற்காகப் பைப்பரும் பிறரும் தண்டிக்கப்பட்டனர். பைப்பரும் அஞ்சாதவனே. வேகமும் துணிவும் போர்த்திறனும் அவனிடம் நிரம்ப இருந்தன. அவனை வீரன் என்று அழைப்போமா?

முதனாள் ஒரு சிறுமிக்காகத் தயங்கிய விரல். வெள்ளைக்கொடிக்குத் தாழ்ந்த துப்பாக்கி. மறுநாள் கைதூக்கி நின்றோர்மேற் பாய்ந்த குண்டுகள். இரண்டுக்கும் இடையே இருப்பது சில மைல் தூரமும் ஒருநாட் காலமுமே. ஆயின் அறத்துக்கும் மறத்துக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாக எந்த நூல் விளக்கும்? அறத்தின் கரையை உடைத்த துணிவு வெள்ளம். கரைக்குள் நின்ற துணிவே ஆறு. போரைப் புகழ நான் வந்தேனல்லேன். போரினுள்ளும் மனிதனாக நின்றவனைப் புகழ வந்தேன்.

37 ஆண்டு மௌனம்

பௌக் சிறைமுகாம்களிற் கிடந்து, 1945ஆம் ஆண்டின் வசந்தத்தில் விடுதலைபெற்றபோது நோயால் மெலிந்திருந்தான். நடந்த போர்பற்றிய அறிக்கையை எழுதிக் கொடுக்கவில்லை. எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று எண்ணினான். காக்கச் சொன்ன இடத்தைக் காக்க முடியவில்லை, வீரர் சிறைப்பட்டனர், தோழன் கண்ணிழந்தான். தான் தோற்றவன் என்பதே அவன் கொண்ட முடிவு. தன் செயல் பைப்பரின் தாங்கிகளை நிறுத்திய கதை அவனுக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பி, முதுகெலும்பைக் கையாற் சீர்செய்யும் மருத்துவம் பயின்று, அமைதியாக வாழ்ந்தான்.

அறிக்கை இல்லை, ஆதலால் பாராட்டும் இல்லை. 1965இல் அமெரிக்கப் படையின் அதிகார பூர்வமான வரலாறு வெளிவந்தது. அதில் அப்படைப்பிரிவுக்குக் கிடைத்தது மிகச் சிறிய இடம். அதனைக் கண்டு மனம் பொறாதவர், கண்ணிழந்த அந்தச் சகனிகாஸ். முப்பதுக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகளைத் தாங்கியவர் அவர். தனக்காக அன்று, உடனின்ற தோழர்களுக்காக ஏதாவது செய்யவேண்டும் என்று பௌக்கைத் தூண்டினார். 1966இல் பௌக் அவர்களுக்கு வெள்ளி நட்சத்திரப் பதக்கம் வழங்கப்பட்டது. தனக்கு மாத்திரம் கிடைத்த பதக்கத்தோடு அவர் அமைதியடையவில்லை. தன் வீரர் ஒவ்வொருவரது செயலும் ஏற்கப்படவேண்டும் என்று உழைத்தார். 1969இல் ஜோன் ஐசனோவர், தளபதி ஐசனோவரின் மைந்தர், இப்பெரும்போர்பற்றி எழுதிய நூலில் இவர்கள் கதையை விரித்துரைத்தார். ஆயினும் பதக்கங்களுக்குரிய காலவரையறை கடந்துவிட்டது என்று சட்டம் குறுக்கே நின்றது. அமெரிக்கக் காங்கிரஸ் விலக்களித்த பின்னரே வழி திறந்தது.

1981 அக்டோபர் 26ஆம் நாள், வேர்ஜீனியா மாநிலத்துப் போர்ட் மையர் என்னும் இடத்தில், பதினெண்மருக்கும் பதக்கங்கள் வழங்கப்பட்டன. சிறப்புச் சேவைச் சிலுவை நால்வருக்கு. வெள்ளி நட்சத்திரம் ஐவருக்கு. வீரத்துக்குரிய வெண்கல நட்சத்திரம் ஒன்பதின்மருக்கு. ஒருவரும் விடுபடவில்லை. ஆயின், இதற்கெல்லாம் தூண்டுகோலாக நின்ற சகனிகாஸ் 1977இலேயே இறந்துவிட்டார். அவருக்குரிய சிலுவை, அவரில்லாத அவையில் அறிவிக்கப்பட்டது. லைல் பௌக் அவர்கள் 2016 டிசம்பர் 2ஆம் நாள், தமது 92ஆம் வயதிற் காலமானார்.

நாம் கொள்ளத்தக்கன

அன்பர்களே! தோற்றவர் கதையை ஏன் கூறவேண்டும் என்ற கேள்விக்கு இப்பொழுது விடை கூறலாம். நம் முன்னோர் போரை வகுத்த முறையை எண்ணிப் பாருங்கள். ஆநிரை கவர்ந்தோனுக்கு வெட்சி, மீட்டோனுக்குக் கரந்தை, மதிலை வளைத்தோனுக்கு உழிஞை, மதிலைக் காத்தோனுக்கு நொச்சி. வென்றவனுக்கு வாகை உண்டு. ஆனால் காத்து நின்றவனுக்கும் தனிப் பூச் சூட்டினர். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித்திணையாகவே வைத்துப் பாடுகிறது. காப்பவன் வென்றானா தோற்றானா என்று கேட்டபின் பூவைக் கொடுக்கவில்லை. காத்து நின்றதற்கே பூ. வீழ்ந்தவனுக்கும் கல் நட்டு, அவன் பெயரையும் செயலையும் பொறித்தனர். லான்ஸரத் குன்றிற் காத்தோரின் கல் 37 ஆண்டுகள் நடப்படாமற் கிடந்தது. ஏன்? அவர்கள் செயலிற் குறையன்று; அதனை எழுதிவைக்க ஒருவரும் இல்லாமையே குறை.

இங்கே கூடியிருக்கும் ஆசிரியர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அலுவலகங்களிற் பணியாற்றுவோருக்கும் ஒன்று கூறுவேன். எழுதுகோல் உங்கள் கையில் இருக்கிறது. செய்தவன் தன் செயலை எழுதமாட்டான். களைப்பினால் எழுதமாட்டான்; நாணத்தால் எழுதமாட்டான்; தான் தோற்றேன் என்ற மயக்கத்தாலும் எழுதமாட்டான். கண்டவர் எழுதவேண்டும். கேட்டவர் எழுதவேண்டும். எழுதும்போது தலைவன் பெயரோடு நிறுத்தாமல் பதினெண்மர் பெயரையும் எழுதவேண்டும். பட்டியலில் விடுபட்ட பில்லி குவீனின் பெயரையும் சேர்த்து எழுதவேண்டும். எழுதாத செயலுக்கு நீதி கேட்க முப்பத்தேழு ஆண்டும் போதாது போகலாம். காலம் எல்லாருக்கும் 92 வயதைக் கொடுப்பதில்லை.

இளைஞர்களுக்கு ஒன்று. தலைமை என்பது பெரிய பதவியிற் பிறப்பதன்று. இருபது வயதில், படிவரிசையிற் கீழே நின்று, பிறர் மறந்த ஓர் எல்லையில் விடப்பட்டபோது, அவன் மண்ணை வெட்டினான், மரத்தை அடுக்கினான், கண்டதைக் கண்டபடி மேலிடத்துக்குக் கூறினான், விளங்காத கட்டளையைக் கேள்விகேட்டுத் தெளிந்தான், தெளிந்தபின் தானே முதலில் நின்றான், நிற்க விரும்பாதோருக்கு வழிவிட்டான். இவற்றுள் எதற்குப் பதவி வேண்டும்?

இறுதியாகக் கமக்காரப் பெருமக்களுக்கு. மாரிகாலத்து நள்ளிரவிற் குளக்கட்டு உடைப்பெடுக்கும்போது, அயலவர் சிலரோடு ஓடிச்சென்று, மண்மூடையை அடுக்கி, விடியுமட்டும் மழையில் நின்று காத்தவர்கள் உங்களுள் இருப்பீர்கள். விடியற்காலையிற் கட்டு உடைந்தும் போயிருக்கலாம். எல்லாம் வீண் என்று வீட்டுக்குத் திரும்பியிருப்பீர்கள். ஆனால் நீங்கள் தடுத்து நின்ற அந்தச் சில மணி நேரத்திற் கீழ்க்குடியிருப்பிற் குழந்தைகளை மேட்டுக்குத் தூக்கிச் சென்றவர்கள் இருப்பார்கள். அவர்களை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். அவர்களும் உங்களைக் கண்டிருக்கமாட்டார்கள். லைல் பௌக் அன்றிரவு தேநீர்க்கடைத் தரையில், தான் தோற்றேன் என்றே எண்ணிக்கொண்டு கிடந்தான். அவன் காத்த பகலாற் பிழைத்தவர்கள், அவன் பெயரை அறியாமலே, வெகுதூரத்தில், அடுத்தநாட் சூரியனைக் கண்டனர்.

செயலின் பயனைச் செய்தவன் காண்பது அரிது. காணாமலே செய்பவனை நாம் காணவேண்டும், உயிரோடிருக்கும்போதே காணவேண்டும். அதுவே இக்கதையை நான் உங்கள்முன் கொண்டுவந்ததன் நோக்கம்.